கொன்றவனுக்குப் பெயர், இறந்தவருக்கு எண்ணிக்கையா?

அஜ்மல் கசாப் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. முதுகில் பையும் கையில் துப்பாக்கியுமாக ரயில் நிலையத்தில் நடந்து வரும் ஓர் இளைஞனின் முகம். 2008-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் இரவு, மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் நாளிதழ்ப் புகைப்படக்காரர் ஒருவர் உயிரைப் பணயம் வைத்து எடுத்த படம் அது. அதே நிலையத்தில் அதே இரவில் 58 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவருடைய பெயரையாவது நம்மால் சொல்ல முடியுமா? அவர் எந்த ஊருக்குப் போகும் ரயிலுக்காகக் காத்திருந்தார் என்றாவது தெரியுமா?

தெரியாது. எனக்கும் தெரியாது. செய்தித்தாள்கள் அன்றாடச் செய்திகளின் அவசரத்தில் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டன. அதை ஓரளவு மன்னிக்கலாம். ஆனால் இரண்டு மணி நேரத்தைக் கையில் வைத்திருக்கும் திரைப்படத்திற்கு என்ன அவசரம்? ஒரு மனிதனை நமக்கு அறிமுகப்படுத்தி, அவனை நேசிக்க வைத்து, அவனுக்காக அழவும் வைக்கக்கூடிய கலை சினிமா. அந்தக் கலை உண்மையாக நடந்த பயங்கரவாதச் சம்பவங்களைத் தொடும்போது மட்டும் பலியானவர்களைக் கூட்டமாகக் காட்டிவிட்டு, கொன்றவனையும் அவனைப் பிடித்தவனையும் மட்டும் மனிதர்களாகக் காட்டுவது ஏன்? இதுவே என் கேள்வி. பலியானவர்களின் பெயரைச் சொல்லித்தான் இப்படங்கள் நம்மைத் திரையரங்கிற்கு அழைக்கின்றன. உள்ளே போய் அமர்ந்தபின் அவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது என் கருத்து.

ஒரு நகரம், இரண்டு படங்கள்

மும்பைத் தாக்குதலையே எடுத்துக்கொள்வோம். கராச்சியிலிருந்து கடல் வழியாக வந்த பத்துப் பேர், நவம்பர் 26 தொடங்கி 29 வரை அந்நகரை உலுக்கினார்கள். ரயில் நிலையம், லியோபோல்டு உணவகம், காமா மருத்துவமனை, தாஜ் மகால் விடுதி, ஒபராய் விடுதி, நரிமன் இல்லம் எனப் பல இடங்களில் தாக்குதல் நடந்தது. மொத்தம் 166 பேர் உயிரிழந்தனர். ஒபராய் விடுதியில் இறந்தவர்களில் சிங்கப்பூரைச் சேர்ந்த இளம் பெண் வழக்கறிஞர் ஒருவரும் உண்டு. ஆனால் ஒரே இடத்தில் மிக அதிகமானோர் இறந்தது ரயில் நிலையத்தில்தான். வெளியூர் ரயிலுக்காக மூட்டை முடிச்சுகளோடு தரையில் உட்கார்ந்திருந்த சாதாரண மக்கள் அவர்கள்.

இனி திரைக்கு வருவோம். 2018-இல் ஆந்தனி மராஸ் இயக்கத்தில் வெளிவந்த 'ஹோட்டல் மும்பை' நன்றாக எடுக்கப்பட்ட படம். அதை மறுக்க மாட்டேன். தேவ் பட்டேல் நடித்த பணியாளரும் அனுபம் கேர் நடித்த தலைமைச் சமையற்காரரும், விருந்தினர்களை விட்டுவிட்டு ஓடாமல் நிற்பதை அப்படம் மரியாதையோடு காட்டுகிறது. தாஜில் இறந்தவர்களில் ஊழியர்களும் உண்டு என்பதை நினைத்தால் அந்த மரியாதை அவர்களுக்கு உரியதே. ஆனாலும் படத்தின் கண் பெரும்பாலும் விடுதியின் பளிங்குத் தரையிலேயே நிற்கிறது. கற்பனையாகப் படைக்கப்பட்ட பணக்கார வெளிநாட்டுத் தம்பதிக்கும் அவர்களின் குழந்தைக்கும் நேரம் இருக்கிறது. ரயில் நிலையம் தொடக்கத்தில் வந்து போகிறது. அங்கே விழுந்தவர்கள், கொலையாளிகள் எவ்வளவு கொடியவர்கள் என்று நமக்கு உணர்த்துவதற்காக மட்டும் விழுகிறார்கள்.

"விடுதியில்தானே முற்றுகை மூன்று நாள் நீடித்தது? கதைக்கு அதுதானே வசதி?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் நீண்ட நேரம் செத்தவனுக்குக் கதை உண்டு, சட்டென்று செத்தவனுக்குக் கதை இல்லை என்பது ஒரு விநோதமான நீதி அல்லவா? அந்த ரயில் நிலையத்திலும் கதை இருந்தது. அறிவிப்புக் கூண்டில் உட்கார்ந்திருந்த ஊழியர் ஒருவர், கண்ணாடி வழியே நடப்பதைக் கண்டு, தான் தப்பி ஓடாமல் ஒலிபெருக்கியில் பயணிகளை வெளியேறச் சொல்லிக்கொண்டே இருந்தார். காலில் குண்டு பாய்ந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, மறு ஆண்டு ஊன்றுகோலோடு நீதிமன்றத்திற்கு வந்து கசாப்பை அடையாளம் காட்டினாள். பின்னாளில் அவளே, தனக்கு வாக்களிக்கப்பட்ட வீட்டைக் கேட்டு மும்பை உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டவும் நேர்ந்தது. இதைவிடப் பெரிய கதை என்ன வேண்டும்? நான் பார்த்த படங்களில் அவளைக் கதைநாயகியாக வைத்து எடுத்தது ஒன்றும் இல்லை.

2013-இல் ராம் கோபால் வர்மா எடுத்த 'தி அட்டாக்ஸ் ஆஃப் 26/11' ரயில் நிலையத்தை விரிவாகவே காட்டியது. ஆனால் எப்படிக் காட்டியது? இரத்தம், அலறல், மெதுவாக ஓடும் காட்சி, மீண்டும் இரத்தம். பிறகு படம் காவல்துறை அதிகாரியாக வரும் நானா பட்டேகரின் கைக்குப் போய்விடுகிறது. பிணவறையில் இறந்து கிடக்கும் தாக்குதல்காரர்களின் உடல்களுக்கு முன்னால் கசாப்பை நிறுத்தி அவர் நீளமாக வசனம் பேசுகிறார். கேட்டவர்கள் கைதட்டினார்கள். ஆக, நாம் பார்த்த விவாதம் காவல் அதிகாரிக்கும் கொலையாளிக்கும் இடையே நடந்த விவாதம். செத்தவர்களின் வீட்டிலிருந்து ஒரு குரலும் அதில் கேட்கவில்லை.

இந்தப் படத்தின் பின்னணியும் நினைவில் வைக்கத்தக்கது. தாக்குதல் முடிந்த ஓரிரு நாளிலேயே, அப்போதைய மகாராஷ்டிர முதல்வர் விலாஸ்ராவ் தேஷ்முக் தாஜ் விடுதியைப் பார்வையிடச் சென்றபோது வர்மாவும் கூடச் சென்றார். இரத்தம் காய்வதற்குள் படத்துக்கு இடம் பார்க்க வந்துவிட்டாரா என்று நாடே கொதித்தது. சில நாட்களில் முதல்வர் பதவி விலகினார். எழுந்த கண்டனங்களில் இந்தச் சுற்றிப் பார்த்தலும் ஒன்று. மக்கள் ஏன் அவ்வளவு கோபப்பட்டார்கள்? துக்க வீட்டிற்குள் அளவுகோலோடு நுழைந்தவரைப் பார்த்தால் எவருக்கும் வரக்கூடிய கோபம் அது.

இரவல் வாங்கிய கண்ணீர்

தமிழ்ப் படங்கள் இதில் மேலானவை என்று மார்தட்டிக்கொள்ள முடியுமா? 1992-இல் வந்த மணிரத்னத்தின் 'ரோஜா'வை நம் வீடுகளில் பார்க்காதவர் இருக்க மாட்டார். 1991-இல் காஷ்மீரில் இந்தியன் ஆயில் நிறுவன அதிகாரி ஒருவர் கடத்தப்பட்ட செய்தி அப்படத்துக்குத் தூண்டுதலாக இருந்தது. உண்மையில் கடத்தப்பட்டவர் எண்ணெய் நிறுவன அதிகாரி. படத்திலோ அவர் இரகசியக் குறியீடுகளை உடைக்கும் வல்லுநராக, எரியும் கொடியைத் தன் உடலால் அணைக்கும் வீரராக மாறிவிடுகிறார். கடத்தப்பட்ட ஒரு மனிதனுக்கு வரக்கூடிய இயல்பான அச்சமும், வாரக்கணக்கில் காத்திருக்கும் சலிப்பும் நாயகனுக்கு ஒத்துவராது போலும். பாதிக்கப்பட்டவன் பாதிக்கப்பட்டவனாகவே இருந்தால் நாம் பார்க்க மாட்டோம் என்று சினிமா முடிவு செய்துவிட்டது.

2009-இல் கமல்ஹாசன் நடித்த 'உன்னைப்போல் ஒருவன்' இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அது முந்தைய ஆண்டு வந்த 'எ வெட்னஸ்டே' என்ற இந்திப் படத்தின் தழுவல். இந்தி மூலத்தில், 2006 ஜூலை 11-ஆம் நாள் மும்பைப் புறநகர் ரயில்களில் நடந்த குண்டுவெடிப்புகள்தாம் அந்தச் 'சாமானிய மனிதன்' கொதித்தெழக் காரணம். ஏழு குண்டுகள், சில நிமிட இடைவெளி, 180-க்கும் மேற்பட்டோர் மரணம். அந்த இறந்தவர்களின் பெயரால் அவன் காவல்துறையை மிரட்டுகிறான். சிறையிலிருக்கும் பயங்கரவாதிகளை வரவழைத்துக் கொல்ல வைக்கிறான். வழக்கு, சாட்சி, நீதிமன்றம் எல்லாம் வீண் தாமதம் என்கிறது படம். எழுந்து நின்று கைதட்டத் தூண்டும் படம்தான். நானும் அதை ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த ரயில் குண்டுவெடிப்பு வழக்கு உண்மையில் எங்கே போய் நின்றது? 2015-இல் சிறப்பு நீதிமன்றம் 12 பேரைக் குற்றவாளிகள் என்றது. ஐவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2025 ஜூலை 21-இல் மும்பை உயர் நீதிமன்றம், அரசுத் தரப்பு குற்றத்தை நிரூபிக்கத் தவறிவிட்டது என்று கூறி 12 பேரையும் விடுவித்தது. அவர்களில் ஒருவர் அதற்குமுன்பே சிறையில் இறந்துவிட்டிருந்தார். மகாராஷ்டிர அரசு மேல்முறையீடு செய்தது. அத்தீர்ப்பை மற்ற வழக்குகளுக்கு முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் அதே மாதம் கூறியது. விடுதலையானவர்களைத் திரும்பச் சிறைக்கு அனுப்பவில்லை.

படத்தில் நான்கு பேரும் குற்றவாளிகள் என்பதில் நமக்கு ஒரு நொடியும் ஐயம் எழ இயக்குநர் இடம் தரவில்லை. வாழ்க்கையில் 19 ஆண்டுகள் கழித்தும் ஐயம் தீரவில்லை. இதனால் இழப்பு யாருக்கு? சிறையில் இளமையைத் தொலைத்தவர்களுக்கு முதலில். அடுத்து, அன்று ரயிலில் போய்த் திரும்பி வராதவர்களின் குடும்பங்களுக்கு. தங்கள் பிள்ளையைக் கொன்றவர் யார் என்ற கேள்விக்கே உறுதியான விடை கிடைக்காத குடும்பங்கள் அவை. அவர்களுக்கு வேண்டியது உண்மை. சினிமா கொடுத்தது பழிவாங்கல். அதுவும் அவர்களைக் கேட்காமல், அவர்கள் கண்ணீரை இரவல் வாங்கி.

கொன்றவனைப் புரிந்துகொள்ளக் கூடாதா?

இவ்வளவும் சொன்னால் ஒரு நியாயமான மறுப்பு எழும். "அப்படியென்றால் பயங்கரவாதியின் கதையைச் சொல்லவே கூடாதா? அவன் ஏன் அப்படி ஆனான் என்று தெரியாமல் பயங்கரவாதத்தை எப்படி ஒழிப்பது?" இக்கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன். அனுராக் காஷ்யப்பின் 'பிளாக் ஃப்ரைடே' அதற்கு நல்ல விடை. 1993 மார்ச் 12-இல் பம்பாயில் 257 பேரைக் கொன்ற தொடர் குண்டுவெடிப்பைப் பற்றிய படம் அது. வழக்கு நடந்துகொண்டிருந்ததால் நீதிமன்றம் தடுக்க, 2004-இல் தயாரான படம் 2007-இல்தான் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. குண்டு வைத்தவர்களின் மனத்துக்குள் அப்படம் போகிறது. குண்டுவெடிப்புக்கு முன்பு 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரங்களில் மாண்டவர்களையும் காட்டுகிறது. விசாரணை என்ற பெயரில் காவல் நிலையத்தில் நடந்த சித்திரவதையையும் மறைக்கவில்லை. காரணத்தை விளக்குவது வேறு, செயலை நியாயப்படுத்துவது வேறு என்பதை அப்படம் அறிந்திருக்கிறது.

தமிழில் சந்தோஷ் சிவன் 1998-இல் எடுத்த 'தி டெரரிஸ்ட்' படத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பப்படும் ஓர் இளம்பெண்ணின் கடைசி நாட்கள்தாம் கதை. அவள் மூச்சு விடும் ஓசைகூட நமக்குக் கேட்கும் அளவுக்கு அவளருகே போகிறது கேமரா. உயர்ந்த கலைப்படைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அவள் யாரைக் கொல்லப் போகிறாளோ அவருக்கு முகமே இல்லை, பெயரும் இல்லை. அவர் பக்கத்தில் நிற்கப் போகிறவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

அப்படம் பார்க்கும் தமிழர் எவருக்கும் 1991 மே 21 நினைவுக்கு வராமல் இருக்காது. ஸ்ரீபெரும்புதூரில் அன்று ராஜீவ் காந்தியோடு பாதுகாப்புக் காவலர்களும் கட்சித் தொண்டர்களும் பொதுமக்களுமாக இன்னும் பத்துப் பன்னிரண்டுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அச்சம்பவத்தையொட்டி 'குற்றப்பத்திரிகை' முதல் 'மெட்ராஸ் கஃபே' வரை படங்கள் வந்தன. அவற்றில் சதி இருக்கிறது, விசாரணை இருக்கிறது, அரசியல் இருக்கிறது. அந்த மற்றவர்கள் இல்லை. இலங்கைப் பிரச்சினையில் நாம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிலைப்பாடு கொண்டிருக்கலாம்; ஈழத்தில் கொல்லப்பட்ட ஆயிரமாயிரம் தமிழர்களின் முகங்களும் திரையில் போதிய அளவு வரவில்லை என்று நாம் வருந்தலாம். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் மாலை ஏந்தி நின்ற தமிழ்ப் பெண்களும், சீருடையில் நின்ற தமிழ்க் காவலர்களும் நம்மவர்கள்தாமே? நம் துயரத்துக்கு முகம் கேட்கும் நாம், பிறர் துயரத்தின் முகத்தையும் பார்க்கக் கடமைப்பட்டவர்கள் என்றே நான் நினைக்கிறேன்.

குடும்பத்தாரைக் கேட்டார்களா?

இன்னொரு கேள்வி, அனுமதி பற்றியது. 2001 செப்டம்பர் 11-இல் கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் ஒன்று, பயணிகள் எதிர்த்துப் போராடியதால் இலக்கை எட்டாமல் பென்சில்வேனியாவில் விழுந்தது. அதிலிருந்த 40 பயணிகளும் பணியாளர்களும் மாண்டனர். பால் கிரீன்கிராஸ் அதை 2006-இல் 'யுனைடெட் 93' என்ற படமாக எடுத்தார். எடுக்கும் முன் குடும்பத்தாரைச் சந்தித்துப் பேசினார்கள். புகழ்பெற்ற நடிகர்களைப் போடவில்லை. அன்று பணியிலிருந்த விமானப் போக்குவரத்து அதிகாரிகள் சிலர் தங்கள் பாத்திரத்தில் தாங்களே நடித்தார்கள். எவரும் வீரவசனம் பேசவில்லை. இறந்தவர்களைக் கௌரவிக்கும் முறை இதுதான் என்று பலரும் பாராட்டினார்கள்.

ஆனால் அங்கும் ஒரு முள் இருக்கிறது. விமானத்திலிருந்த ஜெர்மானியப் பயணி ஒருவரின் மனைவி, துயரம் தாளாமல் படக்குழுவினரோடு பேச மறுத்துவிட்டார். படத்தில் அந்தப் பயணிதான் எதிர்க்க வேண்டாம், பணிந்து போவோம் என்று கூறுபவராக வருகிறார். அவர் அப்படிப் பேசினார் என்பதற்கு ஆதாரம் ஏது என்று விமர்சகர்கள் கேட்டார்கள். பேச ஆளிருந்தவர்கள் வீரர்களானார்கள்; பேச ஆளில்லாதவர் கோழையானார். மிகுந்த கவனத்தோடு எடுத்த படத்திலேயே இப்படி நேர்ந்தது என்றால், கவனமில்லாமல் எடுப்பவர்களைப் பற்றி என்ன சொல்வது?

நார்வேயில் எரிக் பொப்பே வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். 2011 ஜூலை 22-இல் ஒரே மனிதன் ஆஸ்லோவில் குண்டு வைத்து 8 பேரையும், ஊத்தயா தீவில் இளைஞர் முகாமில் 69 பேரையும் கொன்றான். பொப்பேயின் 2018-ஆம் ஆண்டுப் படம், தீவில் தாக்குதல் நீடித்த 72 நிமிடங்களையும் வெட்டே இல்லாமல் ஒரே காட்சியாகக் காட்டுகிறது. தன் தங்கையைத் தேடி ஓடும் ஒரு பெண்ணின் பின்னாலேயே கேமரா ஓடுகிறது. கொலையாளி தூரத்தில் ஒரு நிழலாக மட்டுமே தெரிகிறான். உயிர் தப்பியவர்களோடு பேசித்தான் கதை எழுதப்பட்டது. ஆனால் பாத்திரங்கள் கற்பனை. தன் பிள்ளை சாவதைத் திரையில் பார்க்கும் நிலை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது என்ற எண்ணம் அதில் தெரிகிறது. அதே ஆண்டு அதே சம்பவத்தைப் பற்றிக் கிரீன்கிராசும் '22 ஜூலை' என்று ஒரு படம் எடுத்தார். அதில் கொலையாளிக்கு முகமும் வசனமும் உண்டு. ஆனால் தாக்குதலோடு படம் முடியவில்லை. கண்ணையும் விரல்களையும் இழந்த ஓர் இளைஞர் மறுபடி நடக்கப் பழகி, நீதிமன்றத்தில் கொலையாளிக்கு எதிரே நின்று பேசும்வரை போகிறது. குண்டு வெடித்த நாளோடு பாதிக்கப்பட்டவனின் கதை முடிவதில்லை, அன்றுதான் தொடங்குகிறது என்று காட்டியதற்காக அப்படத்தையும் மதிக்கிறேன்.

2019 மார்ச் 15-இல் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் நம் நாட்டைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவரும் உண்டு. அப்போது அங்கே 'ஹோட்டல் மும்பை' திரையிடப்பட்டுக்கொண்டிருந்தது. விநியோகித்தவர்கள் உடனே நிறுத்திவைத்தார்கள். 2021-இல், அத்தாக்குதலைப் பற்றி 'தே ஆர் அஸ்' என்ற பெயரில் ஹாலிவுட் படம் வரப்போவதாக அறிவிப்பு வந்தது. கதையின் நடுவில் நிற்பவர் பிரதமர் ஜெசிண்டா ஆர்டர்ன். நியூசிலாந்து முஸ்லிம்கள் கொதித்தார்கள். எங்கள் வீட்டுச் சாவில் இன்னொருவர் கதாநாயகியா என்று கேட்டார்கள். பல்லாயிரம் பேர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். தயாரிப்பாளர்களில் ஒருவர் விலகினார். ஆர்டர்னே, இது மிக விரைவு, காயம் இன்னும் ஆறவில்லை என்ற பொருள்படப் பேசினார். திட்டம் நின்றுபோனது. பாதிக்கப்பட்டவர்கள் ஒன்றாகக் குரல் கொடுத்தால் ஹாலிவுட்டும் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பதற்கு இது சான்று.

நம் மண்ணில்

வெளிநாட்டுக் கதை போதும், நம் நாட்டுக்கு வருவோம். இடைநிலைப்பள்ளியில் வரலாறு படித்தவர்களுக்கு 'புக்கிட் கெப்போங்' தெரிந்திருக்கும். 1950 பிப்ரவரி 23-ஆம் நாள் விடியற்காலையில், ஜொகூரில் ஆற்றோரமாக இருந்த ஒரு காவல் நிலையத்தைக் கம்யூனிஸ்டுகள் தாக்கினார்கள். ஜின்ஸ் ஷம்சுடின் 1981-இல் அதைப் படமாக எடுத்து அவரே நடித்தார். அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது சண்டைக் காட்சிகள் அல்ல. நிலையத்தை ஒட்டிய குடியிருப்பில் வாழ்ந்த காவலர்களின் மனைவியரும் பிள்ளைகளும் அதில் மனிதர்களாக வருகிறார்கள். அதனால்தான் அந்தச் சாவுகள் நம்மைத் தாக்குகின்றன. நம்மிடம் பணம் குறைவு, தொழில்நுட்பம் குறைவு என்று சாக்குச் சொல்பவர்கள், இதற்குப் பணம் வேண்டியதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் அதே அவசரகாலத்தில், 1948 டிசம்பர் 12-இல், சிலாங்கூர் பத்தாங் காலியில் ஆயுதமற்ற 24 கிராமத்து மக்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்கள் கொள்ளையர்கள், தப்பியோட முயன்றார்கள் என்று அன்று செய்தி சொல்லப்பட்டது. குடும்பத்தார் நீதி கேட்டு லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள்; விசாரணை வேண்டும் என்ற அவர்களின் மேல்முறையீடு 2015-இல் நிராகரிக்கப்பட்டது. புக்கிட் கெப்போங்கைப்போல் நாடே அறிந்த ஒரு கதைப்படம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. எவரைப் பயங்கரவாதி என்று அழைப்பது, எவரைப் பலியானவர் என்று அழைப்பது என்பதை அதிகாரத்தில் உள்ளவர்களே முதலில் முடிவு செய்துவிடுகிறார்கள். கேமரா பெரும்பாலும் அந்த முடிவுக்குப் பின்னால்தான் போகிறது.

மூன்று கேள்விகள்

படங்களைத் தடை செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. தணிக்கை வாரியத்தின் கத்தரிக்கோல் இதற்கு மருந்தாகாது. எந்தப் படத்தை வெட்டினாலும் இறந்தவருக்கு முகம் வந்துவிடாது. மாற வேண்டியது பார்க்கும் நம் கண். இனி உண்மைச் சம்பவம் என்ற அறிவிப்போடு தொடங்கும் எந்தப் படத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம்.

முதலாவது: இந்தப் படத்தில் இறந்தவர், இறப்பதற்கு முன் ஒரு நிமிடமாவது வாழ்ந்தாரா? அல்லது சாவதற்காகவே திரைக்கு வந்தாரா?

இரண்டாவது: அவருடைய கதையைச் சொல்ல அவருடைய வீட்டாரைக் கேட்டார்களா? கேட்டும் அவர்கள் மறுத்திருந்தால், அந்த மறுப்பை மதித்தார்களா?

மூன்றாவது: குண்டு வெடித்த மறுநாள் படத்தில் உண்டா? மருத்துவமனை, நீதிமன்றம், இழப்பீட்டு வரிசை, காலியாகக் கிடக்கும் நாற்காலி ஆகியவற்றில் ஒன்றாவது வருகிறதா?

மூன்றுக்கும் விடை இல்லை என்றால், அது பயங்கரவாதத்தைப் பற்றிய படமல்ல. பயங்கரவாதத்தை வைத்து எடுத்த சண்டைப் படம். பார்க்கலாம், ரசிக்கலாம், ஆனால் அதிலிருந்து எவர்மீதும் வெறுப்பைக் கற்றுக்கொண்டு வெளியே வராமல் இருந்தால் சரி.

நம்மில் குறும்படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மேடை நாடகம் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். கைத்தொலைபேசியிலேயே படம் எடுத்து முடித்துவிடும் காலம் இது. நாளை அவர்களில் ஒருவர் இப்படியொரு சம்பவத்தைத் தொடலாம். அவரிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். கதை எழுத உட்காரும்போது, துப்பாக்கி ஏந்தியவனின் பெயரைத் தாளில் எழுதும் முன், ரயிலுக்காகத் தரையில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு பெயர் வையுங்கள். அவர் மூட்டையில் என்ன இருந்தது, வீட்டில் யாருக்காக வாங்கினார் என்று யோசியுங்கள். பிறகு எழுதத் தொடங்குங்கள்.